விரிசல் கண்ட உலை



மைசூர் நகரத்திற்கும் வானொலிக்கும் உள்ள தொடர்பு பழமையானது. 1935-ஆம் ஆண்டில் இந்நகரில் உளவியல் பேராசிரியராக விளங்கிய எம். வி. கோபாலசுவாமி அவர்கள் தம் இல்லத்தில் நிறுவிய சிறு ஒலிபரப்பு நிலையத்திற்கு ‘ஆகாசவாணி’ என்னும் பெயர் வழங்கிற்று. அப்பெயரே பின்னர் நாடு முழுவதற்கும் உரிய வானொலியின் பெயராயிற்று. அத்தகைய நகரிலிருந்து இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளோ வானத்தைப் பற்றியதன்று; கரியோடும் களிமண்ணோடும் ஒட்டியது. கொல்லர் பட்டறையிலுள்ள வார்ப்பிரும்பு உலை விரிசல் கண்டால் அதனைச் செப்பனிடுவது எங்ஙனம், மீண்டும் விரியாமற் காப்பது எங்ஙனம் என்பதே அப்பொருள்.

மொழிபெயர்ப்பாளன் ஒருவனுக்கு உலையோடு என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மண்டி மொகல்லாவை அடுத்த ஒரு சந்தில் தமிழ்க் கொல்லர் ஒருவரின் பட்டறை இருக்கிறது. அவருடைய பாட்டனார் சேலம் பக்கத்தினின்றும் கண்ணம்பாடி அணை வேலைக்காக இங்கு வந்தவர். 1911-ஆம் ஆண்டில் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடைபெற்ற அவ்வேலை முடிந்தபின், முகாமிலிருந்த கருவிகள் சிலவற்றை ஏலத்தில் விட்டார்களாம். அப்போது வாங்கிய உலைதான் இன்றும் பட்டறையில் இருப்பது என்று அக்குடும்பத்தார் சொல்லுகின்றனர். மூன்று கால்களின்மேல் நிற்கும் வட்டமான வார்ப்பிரும்புத் தட்டு. அதன் நடுவே குழி. குழியின் அடியில் காற்றுக் குழாய். பக்கத்தில் கையால் சுற்றும் ஊதுவிசிறி. இவ்வளவுதான் அந்த உலை.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் வீட்டு அரிவாள்மணையைத் தீட்டிவரச் சென்றபோது, அவ்வுலை அணைந்து கிடந்தது. விளிம்பிலிருந்து நடுக்குழியை நோக்கி ஒரு சாண் நீளத்திற்கு விரிசல் ஓடியிருந்தது. முதல் நாள் மாலை மழை வலுத்ததனால், உதவிக்கு இருந்த பையன் பட்டறையை விரைந்து மூட எண்ணி, ஒரு வாளித் தண்ணீரை எரியும் தீயின்மீது கொட்டிவிட்டானாம். பழைய இரும்பு வாங்குபவர் வந்து எடைக்கு விலையும் கூறிவிட்டார். பெரியவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை. பையன் ஒரு மூலையில் தலை குனிந்து நின்றான்.

தட்டின் விளிம்பில் கரிக்கு அடியில் எழுத்துகள் தெரிந்தன. துணியால் துடைத்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் வார்க்கப்பட்டிருந்தன.

“இது என்னவென்று தெரியுமா, பெரியவரே?” என்று கேட்டேன்.

“கம்பெனியின் பெயராக இருக்கும், ஐயா. என் தகப்பனாரும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்” என்றார் அவர்.

அது கம்பெனியின் பெயரன்று. ‘பயன்படுத்துமுன் களிமண் பூசுக’ என்பதே அம்மூன்று சொற்களின் பொருள். மூன்று தலைமுறையாக அவ்வுலையின் முன் நின்று உழைத்தவர்கள், அதனைச் செய்தவர் தங்களுக்கென்று பொறித்து அனுப்பிய ஒரே ஓர் அறிவுரையைப் படிக்க முடியாமற் போயிற்று. நாள்தோறும் சுற்றறிக்கைகளை மொழிபெயர்த்துக் கொண்டிருக்கும் எனக்கு அன்று சற்று வெட்கமாகவே இருந்தது. அதன் பயனாக நான் கற்றறிந்தவற்றையும், அப்பெரியவர் எனக்குக் கற்பித்தவற்றையும் சேர்த்தே இப்பேச்சினை அமைத்துள்ளேன்.

முதற்கண் சொற்களைத் தெளிவு செய்துகொள்வோம். பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இது மிகவும் தேவை. நாம் வார்ப்பிரும்பு என்பதைக் கன்னடத்தார் ‘பீடு கப்பிண’ என்பர். மராத்தியில் ‘பீட்’ என்றாலே போதும். இந்தியில் ‘டலவாம் லோஹா’. நம் உலை கன்னடத்தில் ‘குலுமெ’, துருத்தி ‘திதி’, கொல்லர் ‘கம்மாரர்’. நம்முடைய கம்மியர், கம்மாளர் என்னும் சொற்களுக்கு அது நெருங்கிய உறவு என்பதைக் கேட்டவுடனே உணரலாம். கடைக்குச் சென்று பொருத்தும் கம்பியோ தகடோ கேட்கும்போது, செப்பனிட வேண்டியது வார்ப்பிரும்பு என்பதை அவ்வூர் மொழியில் சொல்லத் தெரியாவிட்டால், எஃகுக்கு உரிய பொருளைக் கொடுத்துவிடுவார்கள். வேலை கெடுவது அங்கேதான் தொடங்குகிறது.

நம் முன்னோர் இரும்பை உருக்கியதும் அடித்ததும் மண் உலைகளிலேயே. ஈரோட்டு மாவட்டத்துக் கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் பழைய இரும்புத் தொழிலின் உலைகள் வெளிப்பட்டிருக்கின்றன. 1800-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர்ச் சீமையைச் சுற்றிவந்த பிரான்சிஸ் புக்கானன் என்னும் மருத்துவர், இங்குள்ள இரும்பு உலைகளையும் எஃகு செய்யும் முறையையும் நேரிற் கண்டு எழுதியிருக்கிறார். சேலத்துப் பகுதியில் இரும்புத் துண்டுகளோடு ஆவிரைக் கட்டையையும் எருக்கிலையையும் மட்குகையில் இட்டு, வாயைக் களிமண்ணால் மூடி, தீயில் வைத்து எஃகு செய்தனர். இவை யாவற்றிலும் தீயைத் தாங்கியது மண்ணேயாகும். மண் உலையில் விரிசல் கண்டால், மறுநாட் காலையில் ஒரு பிடி களிமண்ணைப் பிசைந்து பூசினால் தீர்ந்தது.

பின்னர் இருப்புப்பாதையும் அணைக்கட்டும் சுரங்கமும் வந்தன. வேலை நடக்கும் இடத்திற்குத் தூக்கிச் செல்லத்தக்க உலை வேண்டியதாயிற்று. வார்ப்பிரும்புத் தட்டு உலை பரவிற்று. இரும்பால் ஆனது என்றதும், இதற்கு மண் எதற்கு என்று தொழிலாளர் எண்ணியிருத்தல் இயல்பே. அந்த எண்ணத்தில்தான் பிழை இருக்கிறது.

வார்ப்பிரும்பு என்பது யாது? அதில் நூற்றுக்கு இரண்டரை முதல் நான்கு பங்கு வரை கரி கலந்திருக்கும். பட்டறையில் அடித்து வளைக்கும் மெல்லிய எஃகிலோ அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. வார்ப்பிரும்பில் உள்ள கரியின் பெரும்பகுதி, பென்சிலில் உள்ள காரீயம் போன்ற கிராபைட் என்னும் மெல்லிய செதில்களாக இரும்பினூடே பரவி நிற்கிறது. ஒவ்வொரு செதிலும் இரும்புக்குள் வைத்த சிறு கத்தி போன்றது. ஆகவே வார்ப்பிரும்பு அமுக்கத்தை நன்கு தாங்கும், இழுத்தால் தாங்காது. அமுக்கத்தைத் தாங்கும் வலிமையில் இழுப்பைத் தாங்கும் வலிமை மூன்றில் அல்லது நான்கில் ஒரு பங்கே. எஃகு வளையும், வார்ப்பிரும்போ வளையாது, உடையும்.

உலையில் இழுப்பு எங்கிருந்து வருகிறது? வெப்பத்திலிருந்து வருகிறது. இரண்டடி அகலமுள்ள தட்டு 400 பாகை சென்டிகிரேடு சூடேறுமானால், ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் விரியும். தட்டு முழுவதும் ஒரே சீராக விரிந்தால் தீங்கில்லை. ஆனால் நடுவில் தீ கனல்கிறது, விளிம்போ குளிர்ந்திருக்கிறது. விரியும் நடுப்பகுதி விளிம்பை வெளியே தள்ளுகிறது, விளிம்பு இழுபடுகிறது, ஒருநாள் பிளக்கிறது. எனவேதான் பெரும்பாலான விரிசல்கள் விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கி ஓடுகின்றன. கனலும் தட்டின்மீது தண்ணீர் விழுந்தாலோ, நனைந்த இடம் நொடிப்பொழுதில் சுருங்க முயல்கிறது. சுற்றியுள்ள சூடான பகுதி அதற்கு இடங்கொடாது. அங்கும் இழுப்பே விளைகிறது. இஃதன்றி, மீண்டும் மீண்டும் செந்நிறமாகச் சூடேறும் வார்ப்பிரும்பு சிறிது சிறிதாகப் பருத்து, பழைய அளவுக்குத் திரும்பாமலே போவதும் உண்டு. மேலும், வார்ப்பிரும்பு ஏறத்தாழ 1,200 பாகையில் உருகிவிடும். காற்று ஊதும் கரித்தீயின் நடுப்பகுதி அவ்வெப்பத்தைக் கடக்க வல்லது. ஆகையால் தீக்கும் தட்டுக்கும் இடையே ஏதேனும் ஒன்று இருந்தே தீரவேண்டும்.

அன்று உடைத்தது பையன் ஊற்றிய தண்ணீர்தான்; ஆனால் அதற்கு வழி செய்து வைத்தது தொண்ணூறு ஆண்டுகளாக மண் பூசாமல் விட்டதே. இதனை நான் பெரியவரிடம் விளக்கியபோது அவர் பையனைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவனைத் தேநீர் வாங்கிவர அனுப்பினார்.

இனிச் செப்பனிடும் முறைக்கு வருவோம். முதலில் விரிசல் எங்கே முடிகிறது என்பதைக் காணவேண்டும். தட்டைக் கம்பித் தூரிகையால் நன்கு துலக்குக. சிறு சுத்தியால் ஆங்காங்கே மெல்லத் தட்டிப் பார்த்தால், நல்ல இடத்தில் மணியோசை எழும்; விரிசலுள்ள இடத்தில் ஓட்டைப் பானையின் ஒலி கேட்கும். பிறகு, உலை முற்றிலும் ஆறியிருக்கும்போது, அருகில் தீ யாதும் இல்லாத இடத்தில், மண்ணெண்ணெயைத் துணியால் தடவிச் சிறிது நேரம் விட்டுத் துடைத்துவிடுக. அதன்மேல் சுண்ணக்கட்டித் தூளைப் பூசினால், விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் மேலே கசிந்து, கண்ணுக்குத் தெரியாத பகுதியையும் கருங்கோடாகக் காட்டிவிடும்.

அந்தக் கோட்டின் முனைக்குச் சற்று அப்பால் ஐந்து அல்லது ஆறு மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு துளை இடுக. கூரிய விரிசல் முனையில் இழுப்பு முழுவதும் குவிகிறது. உருண்டையான துளையில் அது பரவி விடுகிறது. ஆகவே விரிசல் மேலும் ஓடாது. வார்ப்பிரும்பைத் துளையிட எண்ணெய் வேண்டுவதில்லை; அதிலுள்ள கிராபைட்டே வழுக்கலைத் தரும். கண்ணுக்குக் கண்ணாடி மட்டும் மறவாது அணிக. விளிம்பில் உள்ள சிறு விரிசலுக்கு இத்துளையே போதும். பிளந்ததும் அங்கிருந்த இழுப்புத் தீர்ந்துவிடுவதால், அத்தகைய உலைகள் பல ஆண்டுகள் நன்கு உழைப்பதுண்டு.

விரிசல் நீண்டதாயின், தட்டின் அடிப்பக்கத்தில் எஃகுப் பட்டை வைத்து ஆணி முடுக்குவதே பட்டறையில் எளிதாகச் செய்யத்தக்க முறையாகும். ஆறு மில்லிமீட்டர் கனமும் ஒன்றரை அங்குல அகலமும் உள்ள பட்டை பொருந்தும். இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். விரிசலின் ஒரு பக்கத்தில் பட்டையின் துளைகள் வட்டமாக இருக்கட்டும்; மறுபக்கத்தில் நீள்துளைகளாக இருக்கட்டும். தட்டு விரியும்போது ஆணி அந்நீள்துளையில் சிறிது நகர இடம் கிடைக்கும். இரு பக்கமும் இறுகப் பூட்டிவிட்டால் விரிசல் பட்டைக்கு அப்பால் புதிதாகத் தோன்றும். மரையாணிகளை அளவோடு முடுக்குக. துத்தநாகம் பூசிய வெள்ளை ஆணிகளை உலையருகே ஒருபோதும் பயன்படுத்தலாகாது. துத்தநாகம் சூட்டில் ஆவியாகி வெண்புகையாய் எழும். அதனைச் சுவாசித்தவர்களுக்குக் குளிரும் காய்ச்சலும் காணும்.

பற்றவைக்கலாமா என்று பலரும் கேட்பர். பித்தளையால் பற்றவைப்பது கால், விளிம்பு போன்ற இடங்களுக்கு ஏற்றது. பித்தளை 900 பாகை அளவில் இளகிவிடுமாதலின், தீக்குழியின் அருகில் அது நிலைக்காது. மின்சாரத்தால் பற்றவைப்பதாயின், நிக்கல் கலந்த கம்பியையே கேட்டு வாங்குக. சாதாரண எஃகுக் கம்பியால் இட்ட தையல் கண்ணாடி போலக் கடினமாகி, அதன் ஓரத்திலேயே மறுபடியும் உடையும். பற்றவைக்குமுன் தட்டு முழுவதையும் 300 பாகை அளவுக்குச் சீராகச் சூடாக்கி, ஓரங்குலம் ஓரங்குலமாகத் தைத்து, ஒவ்வொரு தையலையும் சூட்டிலேயே மெல்லத் தட்டி, முடிந்ததும் உலர்ந்த சாம்பலிலோ சுண்ணாம்பிலோ மணலிலோ புதைத்து ஒரு பகலும் ஓரிரவும் ஆறவிட வேண்டும். இவ்வளவு பொறுமையும் வசதியும் இல்லாதவர் பற்றவைப்பை நாடாதிருத்தலே நன்று. இரும்புத் தூள், நவச்சாரம், கந்தகம் மூன்றையும் ஈரமாகக் கலந்து சந்தில் அடைக்கும் பழைய துருப்பசை ஒன்றும் உண்டு. அது இடைவெளியை அடைக்குமேயன்றிப் பாரத்தைத் தாங்காது.

நடுக்குழியே சிதைந்து துண்டு விழுந்திருந்தால், அவ்விடத்தை வெட்டி எடுத்துவிட்டுக் கனமான எஃகினால் ஒரு தனித் தீக்குழி செய்து பொருத்தலாம். பழைய லாரியின் பிரேக் டிரம்மை அவ்வாறு பொருத்திக்கொள்வோரும் உளர். தீ தனிக்குழியில் அடங்கிவிடுவதால் தட்டின் பாரம் குறையும். கனமான தனித் தீக்குழியோடு வார்க்கப்பட்ட உலைகளுக்கு மண்பூச்சு கட்டாயமன்று. மெல்லிய தட்டிலேயே நேரடியாகத் தீ மூட்டும் உலைகளுக்கு அது இன்றியமையாதது.

அப்பூச்சைப் பற்றிச் சொல்லுகிறேன். செங்கற் சூளைக்கு உரிய நல்ல களிமண் ஒரு பங்கு, சலித்த மணல் இரண்டு பங்கு, சிறிது மரச்சாம்பல் ஆகியவற்றைக் கலந்துகொள்க. தண்ணீர் மிகக் குறைவாக விடுக. கையிற் பிடித்தால் கொழுக்கட்டை போல் நிற்கவேண்டும், விரலில் ஒட்டலாகாது. தண்ணீர் மிகுந்தால் உலரும்போது மண் சுருங்கி வெடிக்கும். சிறு கற்களை நீக்கிவிடுக. அவற்றினுள் ஈரம் இருந்தால் தீயில் தெறிக்கும். சிமெண்டுக் கலவையும் அக்காரணத்தாலேயே ஆகாது. ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை கனமாக, மரக்கட்டையால் இடித்து இடித்துப் படியவைக்க வேண்டும். நடுவை நோக்கிச் சரிவாக அமைத்து, காற்று வரும் துளைகளை அடைக்காது விடுக. ஒரு வாரம் நிழலில் உலர்த்துக. இடையில் தோன்றும் கீறல்களில் அதே மண்ணைத் திணித்து நிரப்புக. பிறகு சுள்ளிகளால் சிறு தீ மூட்டி, மறுநாள் சற்றுப் பெருந்தீ, அதன் மறுநாளே கரி. ஈரம் அகலுமுன் பெருந்தீ மூட்டினால் உள்ளே நீராவி பிறந்து பூச்சைப் பெயர்த்துவிடும்.

இனி நாள்தோறும் காக்கும் முறை. தீயைச் சிறிதாகத் தொடங்கி வளர்க்க வேண்டும். கரியை அடக்க விரும்பினால் தீயின் ஓரத்துக் கரியின்மேல் மட்டும் தண்ணீரைத் தெளிக்கலாம், தட்டில் ஊற்றலாகாது. மாலையில் தீயை வாரி ஒதுக்கித் தானே அணையவிடுக. தோய்க்கும் தொட்டியை உலையிலிருந்து ஒரு எட்டுத் தள்ளி வைக்க. உலையின் மூன்று கால்களும் நிலத்தில் சமமாகப் பதிந்திருக்க வேண்டும். இடம் மாற்றும்போது இழுக்காமல் தூக்கிச் செல்க. மழைக்காலத்தில் சாம்பலை உலையிலேயே விட்டு வைத்தலாகாது. நிலக்கரியில் கந்தகம் உண்டு; அதன் சாம்பல் ஈரத்தோடு கூடினால் அமிலத்தன்மை பெற்று இரும்பைத் தின்னும். வைகாசியிலும் ஐப்பசியிலும் மழை மிகும் மைசூர் போன்ற ஊர்களில், வேலை இல்லாத நாட்களில் சாம்பலை அறவே நீக்கி, தட்டின் வெளிப்புறத்தில் இளஞ்சூட்டில் ஆளிவிதை எண்ணெய் மெல்லத் தடவி, மூடி வைத்தல் நலம்.

செலவுக்கு என்ன செய்வது என்று தயங்குவோருக்கு ஒரு செய்தி. மத்திய அரசு 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய ‘பி.எம். விசுவகர்மா’ திட்டத்தில் சேர்க்கப்பட்ட பதினெட்டுத் தொழில்களுள் கொல்லுத் தொழிலும் ஒன்று. கருவிகள் வாங்க 15,000 ரூபாய் வரை உதவியும், ஐந்து விழுக்காட்டு வட்டியில் முதல் தவணையாக ஒரு லட்சம் ரூபாய் வரை கடனும் வழங்க அதில் வகை செய்யப்பட்டது. பிற மாநிலத்தில் வாழும் தமிழரும், தாம் வாழும் ஊரிலுள்ள பொதுச்சேவை மையத்தில் இதுபற்றி விசாரித்து அறியலாம்.

நம் பெரியவர் தம் உலையை எடைக்குப் போடவில்லை. விரிசலின் முனையில் துளையிட்டு, அடியில் இரண்டு பட்டைகளைப் பூட்டினார். நீள்துளையின் நுட்பத்தை நான் சொல்லி முடிக்குமுன்பே அவர் கைகள் அதனைப் புரிந்துகொண்டன. களிமண்ணை இடித்துப் படியவைத்தவன் அந்தப் பையன். “என் பாட்டனார் ஊரில் மண் உலையில்தான் வேலை செய்தார். இங்கே வந்து இரும்பைக் கண்டதும் மண்ணை மறந்துவிட்டோம்” என்றார் பெரியவர். பத்து நாட்களுக்குப் பின் உலை மீண்டும் எரிந்தது. என் அரிவாள்மணையும் தீட்டப்பட்டு வீடு வந்து சேர்ந்தது.

மண்பூச்சு விளிம்பு வரை ஏறியதால் அந்த ஆங்கில எழுத்துகள் மறைந்துபோயின. ஆகவே பட்டறைச் சுவரில் தமிழிலும் கன்னடத்திலும் பெரிய எழுத்தில் எழுதித் தருமாறு அவர் என்னைக் கேட்டார், எழுதிக் கொடுத்தேன். பையன் கன்னடப் பள்ளியில் படித்தவன். அவன் அதனைப் படிப்பான்.

நேயர்களே, பிழைப்பைத் தேடி ஊர் கடந்து வந்த நம்மிடம் இத்தகைய பழங்கருவிகள் பல இருக்கக் கூடும். பத்ராவதி இரும்பாலையிலும் கோலார்த் தங்கவயலிலும் உழைத்தவர்களின் வீடுகளிலும், மும்பையிலும் புனேயிலும் உள்ள சிறு பட்டறைகளிலும் அவை இன்றும் கிடக்கலாம். அவற்றை எடைக்குப் போடுமுன் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். ஏதேனும் எழுதியிருந்தால், படிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துப் பொருள் கேளுங்கள். படிக்கத் தெரிந்தவர்களும், கேளாமலே சென்று படித்துச் சொல்லுங்கள்.